பயிற்சியும் ஓய்வும்



இறைத்த கிணறு ஊறும். இறையாத கிணறு நாறும் என்பது நம்மவர் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. சோம்பிக் கிடப்பவனை எழுப்பி வேலைக்கு அனுப்புவதற்கு முன்னோர் கையாண்ட மொழி இது. படிப்பின் அருமையை எடுத்துரைக்கும் ஆசிரியர் இதனைச் சொல்லுவர். கொடையின் பெருமையைப் பேசுவோரும் சொல்லுவர். விளையாட்டுத் திடலிலே பிள்ளைகளைப் பழக்கும் பயிற்றுநரும் இதனையே சொல்லி, இன்னும் ஒருமுறை ஓடு, இன்னும் ஒருமுறை பாய் என்று ஊக்குவர். இவர்கள் சொல்வது சரியே. ஆயினும் இப்பழமொழியில் இறைத்தல் என்னுஞ் சொல்லைச் செவியிற் கொண்ட அளவுக்கு, ஊறுதல் என்னுஞ் சொல்லை நாம் கொண்டோமல்லேம். ஊறுதற்குப் பொழுது வேண்டும். அப்பொழுதைக் கொடாமல் இறைத்துக் கொண்டேயிருந்தால் கிணறு என்னவாகும்? இவ்வினாவுக்கு விடை கூறுதற்கு யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி மக்களைக் காட்டிலும் தகுதியுடையோர் இலர்.

ஊர்காவற்றுறையும் வேலணையும், புங்குடுதீவும் நயினாதீவும், அனலைதீவும் எழுவைதீவும், நெடுந்தீவும் ஆகிய இவ்வூர்களில் ஆறு இல்லை, மலையும் இல்லை. மாரி காலத்திலே வாடைக்காற்றோடு வந்து பெய்யும் மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்கூடாக இறங்கி நிலத்தடியிலே தங்குகிறது. நாற்புறமும் கடல் சூழ்ந்திருத்தலால் நிலத்தின் கீழும் உவர்நீர் பரந்து கிடக்கிறது. நன்னீர் உவர்நீரினும் பாரங் குறைந்தது. ஆதலின், எண்ணெய் நீரின்மேல் மிதப்பதுபோல, அது உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. துலா மிதித்து நீர் இறைத்த காலத்திலே மனிதனுடைய கைகாலின் வலிமையே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. இறைப்பவன் களைத்துப்போய் இருந்த நேரத்திலே கிணறும் ஊறியது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கிற்று. ஊறுவதற்கு முன்னே மேலும் மேலும் இறைத்தால், மேலுள்ள நன்னீர்ப் படை மெலிந்து, கீழுள்ள உவர்நீர் மேலெழுகிறது. ஒருமுறை உவர்பற்றிய கிணறு மீண்டும் நன்னீர் தருவதற்குச் சில மாரிகள் செல்லுதலும் உண்டு. கிணறு வற்றிப் போவதைக் காட்டிலும் அது உவராகிப் போவது கொடியது என்பதைத் தீவார் நன்கு அறிவர்.

மனித உடம்பும் இத்தகைய ஒரு கிணறே. கடும் பயிற்சி என்பது இறைப்பு. உணவும் உறக்கமும் ஓய்வும் சேர்ந்தது ஊற்று. இவ்விரண்டின் அளவையும் இணக்கி வைப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

உடம்பு வலிமை பெறுவது எப்பொழுது என்று கேட்டால், பயிற்சி செய்யும்பொழுது என்றே பலரும் விடை கூறுவர். உண்மை அதுவன்று. பயிற்சியின் முடிவிலே உடம்பு முன்னையினும் மெலிந்தே நிற்கிறது. கடும் ஓட்டத்தின்போது தசையின் நுண்ணிய நார்களிலே சிறு சிறு சிதைவுகள் உண்டாகின்றன. தசைக்கு எரிபொருளாகிய கிளைக்கோசன் என்னும் மாச்சத்துச் சேமிப்புக் குறைந்து போகிறது. வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறுகின்றன. ஓடி முடித்தவனை அக்கணமே மீண்டும் ஓடச் சொன்னால் முன்னையினும் மெதுவாகவே ஓடுவான். எனவே பயிற்சியானது உடம்புக்கு ஒரு கட்டளை மாத்திரமே. இவ்வளவு வேலை உன்னிடம் கேட்கப்படும், அதற்கு ஆயத்தமாகு என்பதே அக்கட்டளை. கட்டளையை நிறைவேற்றுதற்கு உடம்பு எடுத்துக்கொள்ளும் காலம் ஓய்வுக் காலமாகும்.

அந்தக் காலத்திலே நிகழ்பவை பல. குறைந்த கிளைக்கோசன் நல்லுணவு கிடைத்தால் ஏறக்குறைய ஒரு நாளிலே நிரம்புகிறது. பாரந் தூக்குதல் போன்ற வலிமைப் பயிற்சியின் பின் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை தசையிலே புதிய புரதம் கட்டப்படும் வேலை விரைந்து நடைபெறுகிறது. பழக்கமில்லாத வேலை செய்தவனுக்கு மறுநாளும் அதற்கு மறுநாளுமே உடல்நோவு மிகுதல் நாம் எல்லோரும் அறிந்தது. வளர்ச்சி ஓமோன் என்னுஞ் சுரப்பு ஆழ்ந்த உறக்கத்தின்போதே மிகுதியாகச் சுரக்கிறது. தசைநாண்களும் என்புகளும் தசையினும் மெதுவாகவே உரம் பெறுகின்றன. தசை ஆயத்தமாயிற்று என்று எண்ணி வேகத்தைக் கூட்டுகின்ற இளைஞனுக்கு முழங்காலின் கீழே என்பு நோவதற்குக் காரணம் இதுவே.

கிணற்றுக்கும் உடம்புக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கிணறு தன் பழைய மட்டத்துக்கே ஊறும். உடம்போ தக்க ஓய்வு கிடைத்தால், பழைய மட்டத்துக்குச் சற்று மேலாகவும் ஊறும். அவ்வாறு மேலேறி நிற்கும் வேளையில் அடுத்த பயிற்சியைத் தொடங்கினால் வலிமை படிப்படியாக வளரும். மேலேறுமுன்னே தொடங்கினால் படிப்படியாகக் குறையும். ஒன்றுஞ் செய்யாமல் நெடுநாள் காத்திருந்தாலோ மட்டம் பழைய நிலைக்கே இறங்கிவிடும். இறையாத கிணறு நாறும் என்று பழமொழியின் மறுபாதி கூறுவதும் அதுவே. ஓய்வின் பெருமையைச் சொல்வது சோம்பலுக்கு வாயில் திறப்பதாகாது என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

1936ஆம் ஆண்டிலே மொன்றியல் நகரில் ஆராய்ச்சி செய்துவந்த ஹான்ஸ் செலீ என்பார், எலிகளைப் பலவகைத் துன்பங்களுக்கு உட்படுத்தி ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டார். எத்தகைய துன்பம் நேரினும் உடம்பு மூன்று படிகளைக் கடக்கிறது என்றார் அவர். முதலாவது அதிர்ச்சி, இரண்டாவது அத்துன்பத்தைத் தாங்கிப் பழகும் நிலை, மூன்றாவது, துன்பம் இடையறாது நீடிக்குமாயின், தாங்கும் ஆற்றல் அற்றுப்போகும் நிலை. விளையாட்டுப் பயிற்சியின் நோக்கம் முதலாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறுதலாகும். மூன்றாம் படிக்குள் விழாமல் காப்பது ஓய்வு.

மேனாட்டுப் பயிற்றுநர் சிலர் இவ்வுண்மையைத் திடலிலே கண்டனர். ஜேர்மனி நாட்டுப் பயிற்றுநர் கெர்ஷ்லரும் இருதய வைத்தியர் ரைன்டெலும் சேர்ந்து வகுத்த முறை இடைவேளைப் பயிற்சி எனப் பெயர் பெற்றது. குறுகிய தூரத்தை விரைந்து ஓடச் செய்து, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180 அளவுக்கு உயர்ந்ததும் நிறுத்துவர். அது 120க்கு இறங்கியபின் மீண்டும் ஓடச் செய்வர். ஒன்றரை நிமிடத்துக்குள் இறங்காவிடின், ஓட்டம் மிகையாயிற்று என்று கொண்டு வேலையைக் குறைப்பர். இருதயத்தை உரமாக்குவது ஓட்டத்திலும் பார்க்க அந்த இடைவேளையே என்பது அவர்களுடைய கொள்கை. பயிற்சிக்கு ஓட்டத்தின் பெயரை இடாது இடைவேளையின் பெயரை இட்டமை கருதத்தக்கது. கெர்ஷ்லரிடம் பயின்ற ருடோல்ப் ஹார்பிக் 1939ஆம் ஆண்டில் 800 மீற்றர் தூரத்தை ஒரு நிமிடம் 46.6 விநாடியில் ஓடி நாட்டிய உலக சாதனை பதினாறு ஆண்டுகள் நிலைத்து நின்றது.

மற்றொரு சான்று இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் ஓட எவராலும் இயலாதிருந்த காலம் அது. வைத்திய மாணவராயிருந்த றொஜர் பனிஸ்ரர் தம் நண்பர்களுடன் கால்மைல் தூரத்தைப் பத்து முறை, இடையே இரண்டு நிமிட ஓய்வோடு, ஓடிப் பழகிவந்தார். 1954ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே ஒவ்வொரு கால்மைலும் 61 விநாடி என்ற அளவில் வந்து நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் அதற்குக் கீழே இறங்கவில்லை. நம்மவராயின் பயிற்சியை இரட்டித்திருப்பர். பனிஸ்ரரும் நண்பர் ஒருவரும் ஓட்டத்தையே விட்டுவிட்டு, சில நாள்கள் ஸ்கொற்லாந்து மலைகளில் ஏறித் திரிந்து திரும்பினர். திரும்பியபின் அதே பயிற்சியை 59 விநாடிகளில் ஓடி முடித்தனர். போட்டிக்கு முந்திய ஐந்து நாள்களும் பனிஸ்ரர் ஓடாமல் ஓய்ந்திருந்தார். மே 6ஆந் திகதி ஒக்ஸ்போர்ட் நகரத்திலே 3 நிமிடம் 59.4 விநாடியில் ஒரு மைலை ஓடி முடித்தார்.

இவ்விடத்திலே நேயர்கள் சிலர் ஒரு தடை எழுப்பலாம். நம் வடபகுதிக் கடலிலே ஆழிக்குமரன் ஆனந்தன் ஓய்ந்திருந்தா சாதனை செய்தார் என்று அவர்கள் கேட்கலாம். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த அவர் 1971ஆம் ஆண்டில் பாக்குநீரிணையை இருமுறை, போகவும் வரவுமாக, 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்தவர். அவருக்கு முன்னே 1954ஆம் ஆண்டில் தொண்டைமானாற்று நவரத்தினசாமி அந்நீரிணையை நீந்திக் கடந்தவர். இவர்கள் இடையிலே உறங்கினாரல்லர் என்பது உண்மை. ஆனால் சாதனை வேறு, பயிற்சி வேறு. சாதனை என்பது பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பொருளை ஒரே நாளிற் செலவிடுதல். பயிற்சியோ அப்பொருளைச் சேர்க்கும் முயற்சி. செலவிட்ட நாளைப் பார்த்து, சேர்க்கும் முறை இதுவென்று எண்ணுதல் பிழை. தலைசிறந்த நீச்சல் வீரருக்கும் கடல் தன் எல்லையைக் காட்டாமல் விடுவதில்லை. 1984ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியிலே ஆனந்தன் உயிர் நீத்தார். அவ்வீரனை நினைந்து தலைவணங்கும் நாம், அவர் செய்தவற்றை நம் பிள்ளைகளின் அன்றாடப் பாடமாக வைத்தல் தகாது.

சேர்த்தல் எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் சான்றாவார். பெரியவிளானிலே பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே பயின்ற அவர், 1952ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியிலே உயரம் பாய்தலில் நம் நாட்டின் சார்பாகக் கலந்துகொண்டபொழுது பதினேழு வயதினர். 1956ஆம் ஆண்டில் மெல்பேண் நகரிலும் கலந்துகொண்டார். 1958ஆம் ஆண்டில் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலே 2.03 மீற்றர், அதாவது ஆறடி எட்டங்குலம் பாய்ந்து, ஆசியப் போட்டிகளில் இலங்கையின் முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றார். ஹெல்சிங்கிக்கும் ரோக்கியோவுக்கும் இடையே ஆறு ஆண்டுகள் சென்றன. உயர்ந்த பாய்ச்சல் ஒரு தவணையிலே விளைந்த பயிரன்று.

இனி நம் தீவுப்பகுதிக்கு வருவோம். முதலாந் தவணை தொடங்கியதும் பாடசாலைகளிலே இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஆயத்தங்கள் நடைபெறும். மரதன் ஓட்டத்தோடு தொடங்கி, குறுந்தூர ஓட்டம், உயரம் பாய்தல், நீளம் பாய்தல், குண்டு போடுதல், அணிநடை என்று சில கிழமைகள் திடல் களைகட்டும். பெருமைக்குரிய வழக்கமே இது. ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. ஆண்டின் எஞ்சிய மாதங்களிலே ஓட்டம் என்பதையே அறியாதிருந்த பிள்ளை, இந்தச் சில கிழமைகளில் நாள்தோறும் தன் ஆற்றலின் உச்சத்துக்கு ஓட்டப்படுகிறது. மாரி முடிந்து வெயில் ஏறும் காலமும் அதுவே. வெப்பத்துக்கு உடம்பு பழகுவதற்கே பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கிழக்கு மாகாணத்தில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய மாணவர் ஒருவர் நோயுற்று உயிரிழந்த துயரச் செய்தியை நேயர்கள் மறந்திரார். ஒரு சாவின் காரணத்தை இங்கிருந்து தீர்த்துரைத்தல் நமக்கு ஏற்றதன்று. எனினும் ஓடுகின்ற பிள்ளையின் உடம்பு எந்நிலையில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்து கொள்ளும் கடமை பெரியோருக்கு உண்டு என்பதை அச்செய்தி நினைவூட்டிற்று.

தீவகத்துக்கு இக்கடமை இருமடங்கானது. வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளாலும் பாலத்தாலும் குடாநாட்டோடு இணைந்துள்ளன. நயினாதீவாரும் நெடுந்தீவாரும் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறியே ஊர் செல்லல் வேண்டும். நெடுந்தீவுக்குக் கடற்பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடுமையாக நோயுற்றவர் கடல் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படல் வேண்டும். காற்று மிகுந்த நாளிலே அப்பயணமும் எளிதன்று. பட்டணத்துத் திடலிலே நேரும் தவறுக்கு மருந்து அருகில் இருக்கலாம். தீவகத்துத் திடலிலே தவறு நேராமற் பார்ப்பதே முதல் மருந்து.

இங்கே பயிற்றுநர் கவனிக்கத் தவறுகின்ற ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகின்றேன். திடலிலே செய்யும் வேலை மட்டும் இறைப்பாகாது. கடற்றொழிலாளியின் மகன் விடியற்காலையிலே தந்தையோடு வலை இழுத்துவிட்டுப் பாடசாலைக்கு வருகிறான். மற்றொரு பிள்ளை நல்ல தண்ணீருக்காகத் தொலைவிலுள்ள கிணற்றுக்குச் சென்று குடஞ் சுமக்கிறாள். வேறொரு பிள்ளை எதிர்காற்றிலே பல மைல் தூரம் சைக்கிள் மிதித்து வருகிறான். இவர்கள் திடலுக்கு வந்து நிற்கும்பொழுதே கிணற்றின் பாதி நீர் இறைத்தாயிற்று. இவர்களையும், வீட்டிலிருந்து நேரே வந்த பிள்ளையையும் ஒரே அளவாக ஓடச் செய்தல் நீதியாகாது. இன்று காலை என்ன வேலை செய்தாய், என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குப் படுத்தாய் என்ற மூன்று வினாக்களைக் கேட்ட பின்னரே பயிற்றுநர் ஊதுகுழலை வாயில் வைத்தல் நன்று.

உறக்கத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை உள்ளோருக்கு இரவிலே எட்டு மணி முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்று வைத்தியர் கூறுவர். நம் பிள்ளைகளுக்கு அது கிட்டுகிறதா? இரவு நெடுநேரம் தனியார் வகுப்பும் வீட்டுப் பாடமும், அதன்பின் கைத்தொலைபேசி, விடியுமுன் மீண்டும் வகுப்பு, மாலையிலே ஓட்டப் பயிற்சி. இவ்வாறு நாள் முழுவதையும் பங்கிட்டபின் எஞ்சுவதே உறக்கத்துக்குக் கிடைக்கிறது. வளர்ச்சி ஓமோன் சுரக்கும் வேளையைக் களவு கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு ஊட்டச்சத்து மா வாங்கிக் கொடுப்பதாற் பயன் என்ன?

உணவும் அத்தகையதே. தீவகத்திலே மீனும் நண்டும் இறாலும் உண்டு. பனையின் ஒடியலும் புழுக்கொடியலும் உண்டு. ஒடியல் மாவோடு மீனும் நண்டும் இலைக்கறியும் பயற்றங்காயும் சேர்த்துக் காய்ச்சும் கூழ், மாச்சத்தும் புரதமும் உப்பும் நீரும் ஒருங்கே அமைந்த உணவு. கடும் ஓட்டத்தின்பின் வேண்டுவன இந்நான்குமே. மோரும் உப்பிட்ட கஞ்சியும் வியர்வையில் இழந்தவற்றை ஈடுசெய்யும். ஆலயத் திருவிழாக் காலங்களிலும் தவக்காலத்திலும் விரதமிருக்கும் பிள்ளைகளுக்கு அந்நாள்களிலே கடும் பயிற்சி வேண்டா. விரதமும் ஓர் இறைப்பே. இரண்டு இறைப்புகளை ஒரே நாளில் வைத்தலாகாது. பெண்பிள்ளைகள் மெலிவு கருதி உணவைக் குறைத்துக் கொண்டு கடுமையாகப் பயிற்சி செய்தால், மாதவிலக்கு நின்றுபோதலும் என்பு மெலிதலும் நேரக்கூடும். தாய்மார் இதனை நாணத்தால் மறையாது வைத்தியரிடம் கூறல் வேண்டும்.

கிணறு உவராவதற்கு முன் சுவை சிறிது மாறும். அதுபோல உடம்பும் முன்னறிவித்தல் தரும். காலையிலே படுக்கையில் இருந்தபடியே நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணிக் கொப்பியிலே குறித்து வைத்தல் எளிய முறை. வழக்கமான எண்ணினும் தொடர்ந்து சில நாள்கள் அது மிகுந்திருந்தால் உடம்பு இன்னும் ஊறவில்லை என்று கொள்க. உறக்கம் கெடுதல், பசி குறைதல், சிறு சொல்லுக்கும் சினம் எழுதல், அடிக்கடி தடிமன் பிடித்தல், எவ்வளவு முயன்றும் ஓடும் நேரம் நீண்டுகொண்டே போதல் ஆகியனவும் அறிகுறிகளே. இந்நிலையிலே சில நாள் முதல் சில கிழமை ஓய்ந்தால் உடம்பு மீளும். அறிகுறிகளை அலட்சியஞ் செய்து மேலும் ஓடினால் மீள்வதற்குப் பல மாதங்கள் செல்லும். ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவ அறிஞர்கள் 2013ஆம் ஆண்டில் கூடி வெளியிட்ட அறிக்கையிலே இவ்வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துள்ளனர். தேசிய அணியிலே இடம்பெறக்கூடிய வீரர் பலர் இவ்வாறு அரும்பிலேயே கருகிப் போயினர்.

சில அறிகுறிகளோ காத்திருக்க இடங்கொடா. நெஞ்சு நோவு, ஓடும்போது மயங்கி விழுதல், வெயிலில் அறிவு தடுமாறுதல், கடும் வேலையின் பின் சிறுநீர் கருந்தேநீர் நிறமாதல் ஆகியன கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். வெயிலில் விழுந்தவனை நிழலிற் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தபடியே கொண்டுசெல்லுக. காய்ச்சலோடு எவரும் ஓடலாகாது. காய்ச்சலின்போது இருதயத்தின் தசையும் நோயுற்றிருத்தல் கூடும்.

இனி ஒரு கிழமைக்குரிய ஒழுங்கைச் சொல்லுகின்றேன். திங்கட்கிழமை கடும் பயிற்சி செய்தால் செவ்வாய்க்கிழமை மெல்லோட்டமும் உடல் வளைக்கும் பயிற்சியும் போதும். புதன்கிழமை நடுத்தரமான வேலை. வியாழக்கிழமை மீண்டும் கடும் பயிற்சி. வெள்ளிக்கிழமை இலகுவான விளையாட்டு. கிளித்தட்டோ கரப்பந்தாட்டமோ ஆடலாம். சனிக்கிழமை போட்டிக்குரிய ஓட்டம் அல்லது பாய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை முழு ஓய்வு. மூன்று கிழமை இவ்வாறு சிறிது சிறிதாக வேலையைக் கூட்டி, நான்காங் கிழமையிலே குறைத்துவிடுக. போட்டிக்கு முந்திய கிழமையிலே ஓடும் வேகத்தைக் குறையாது, ஓடும் தூரத்தை ஏறக்குறையப் பாதியாக்குக. காலை எட்டு மணிக்கு முன்னும், மாலை வெயில் தணிந்தபின்னுமே திடலில் இறங்குக. எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வொழுங்கைத் தை மாதத்திலே தொடங்காமல், ஆண்டு முழுவதும் கிழமைக்கு மூன்று நாளாவது நடத்துக. ஆண்டெல்லாம் சிறிது சிறிதாக இறைக்கப்படும் கிணறே தை மாதத்துப் பெரிய இறைப்பைத் தாங்கும்.

ஓய்வு என்றவுடன் பாயிற் படுத்துக் கிடத்தல் என்று எண்ணிவிடலாகாது. நம் கடற்றொழிலாளர் இதனை நன்கறிவர். சோளகம் மிகுந்து கடலிலே இறங்க இயலாத நாள்களில் அவர்கள் கரையிலே இருந்து வலை பொத்துவர். படகு பழுது பார்ப்பர். கை அசையும், நாரி ஆறும். கத்தோலிக்கக் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாதிருக்கும் வழக்கமும் பழையது. பனையேறும் தொழிலாளர் பருவ காலத்திலே காலையும் மாலையும் மரமேறி இறங்குவர். பருவம் முடிந்தபின் அவர்தம் தோளும் காலும் ஆறும். கடலும் காற்றும் மரமும் மாதாவும் இவர்களுக்குப் பயிற்றுநராக இருந்து ஓய்வு நாளைக் குறித்துக் கொடுத்தன. திடலில் நிற்கும் பிள்ளைக்கு அதனைக் குறித்துக் கொடுப்பவர் மனிதரே. ஆதலின் அவர் அறிந்து கொடுத்தல் வேண்டும்.

நாற்பது ஐம்பது வயதைக் கடந்தபின் வைத்தியர் சொல்லக் கேட்டு நடக்கத் தொடங்கும் பெரியோருக்கும் இவ்விதி பொருந்தும். முதல் நாளே மூன்று மைல் நடந்து, மறுநாள் முழங்கால் வீங்கி, மூன்றாம் நாள் நடையையே கைவிடுவதிலும், முதற் கிழமை கால் மணி நேரம், அடுத்த கிழமை இருபது நிமிடம் என்று கூட்டிச் செல்லுதல் சிறந்தது.

பயிற்றுநருக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒரு நல்ல பயிற்றுநரின் திறமை பிள்ளையை எவ்வளவு ஓடச் செய்தார் என்பதில் மட்டும் இல்லை. இன்று போதும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நேரத்தோடு படு என்று சொல்லும் துணிவிலும் உண்டு. ஓட ஆசைப்பட்டு நிற்கும் பிள்ளையை நிறுத்துதல் ஓட மறுக்கும் பிள்ளையை ஓட்டுதலினும் கடினமானது. பெற்றோரும், பக்கத்து வீட்டுப் பிள்ளை நாள்தோறும் ஓடுகிறதே, நீ ஏன் இன்று இருக்கின்றாய் என்று கேளாதிருத்தல் வேண்டும். அடுத்த முதலாந் தவணைக்கு இன்னும் மாதங்கள் உள்ளன. இக்கிழமையே கொப்பியொன்றை எடுத்து, முதற் பக்கத்திலே காலை நாடித்துடிப்பையும், இரவு உறங்கிய மணி நேரத்தையும் எழுதத் தொடங்குமாறு உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.